தம்பியின் அளவு

புதுச்சேரியின் மணப்பட்டுக் கடற்கரையை ஒட்டிய சவுக்குத் தோப்பின் ஓரத்தில், வெயில் ஏறுவதற்கு முன்பாக, மணலைப் பெருக்கிச் சமன் செய்து கயிறு கட்டிய ஒரு சிறு களத்திலே பிள்ளைகள் கராத்தே பழகுவதை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்டேன். பாகூர் ஏரியின் பாசனத்தில் நெல் விளையும் ஊர்களிலிருந்தும், கடலோரத்து மீனவர் குப்பங்களிலிருந்தும் வந்த பிள்ளைகள் அவர்கள். சிலருடைய வெள்ளை அங்கி புதியது, சிலருடையது அண்ணன்மார் அணிந்து பழகியது. அன்று பயிற்சியோடு வேறொரு காரியமும் நடந்தது. உடற்கல்வி பயிலும் இளைஞர் ஒருவர், ஜூனியர் பிரிவைச் சேர்ந்தவர்களுடைய தேக அளவுகளையும் சீனியர் பிரிவைச் சேர்ந்தவர்களுடைய தேக அளவுகளையும் ஒப்பிட்டு ஆய்வேடு ஒன்று எழுதும் பொருட்டு, நாடாவும் தராசும் தோல் மடிப்பை அளக்கும் இடுக்கியுமாக வந்திருந்தார். ஒவ்வொருவனாக வந்து நின்றான். உயரம், உட்கார்ந்த உயரம், எடை, விரித்த கைகளின் நீளம், மேற்கையின் சுற்றளவு, கெண்டைக்காலின் சுற்றளவு, முழங்கை எலும்பின் அகலம் என்று ஒவ்வொன்றும் ஏட்டில் ஏறிற்று. வரிசையில் சகோதரர் இருவர் நின்றனர். மூத்தவனுக்கு வயது பத்தொன்பது, இளையவனுக்குப் பதினாறு. மூத்தவனை அளந்து முடித்து எண்களை உரக்கச் சொன்னபோது, இளையவன் தலையை நிமிர்த்தி ஆசிரியரைப் பார்த்து, “மாஸ்டர், அண்ணன் அளவு எனக்கு எப்ப வரும்?” என்று கேட்டான். “வரும்டா, நேரா நில்லு” என்றார் அவர்.

கேட்ட சிறுவன் அதை அப்போதே மறந்திருப்பான். எனக்கோ வீடு திரும்பிய பின்னும், அதற்குப் பின் பல நாட்களும், அந்தச் சிறு வாக்கியம் நெஞ்சை விட்டு அகலவில்லை. அளவு வரும் என்கிறோம், போகும் என்கிறோம், ஆனால் வருவதும் போவதுமாகிய அளவுகளுக்கு நடுவே, வராமலும் போகாமலும் நின்று ‘எனக்கு’ என்று சொல்லிக்கொள்ளும் ஒருவன் இருக்கிறானே, அவன் யார், அவனுக்கும் ஓர் அளவு உண்டா, உண்டாயின் அதை எந்த நாடாவால் அளப்பது என்ற கேள்வி, இந்நாட்டுத் தத்துவ சாஸ்திரங்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வாதித்த கேள்வியேயாகும். ஒரு விளையாட்டுக் களத்து மணலில், தாடி மீசை சரியாக அரும்பாத பிள்ளையின் வாயிலிருந்து அது வெளிப்பட்டதை நான் ஒரு பாக்கியமாகவே கருதுகிறேன்.

அளவையின் நெறியை முதலில் சொல்லிவிட வேண்டும். அதை அறியாமல் அதன் எல்லையைப் பேசுவது நியாயமாகாது. உயரத்தை அளப்பவர், நிற்பவனுடைய குதிகால்கள் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பதோடு நில்லாமல், கண்குழியின் கீழ் விளிம்பும் காதுத்துளையின் மேல் விளிம்பும் ஒரே கிடைமட்டத்தில் அமையும்படி அவனுடைய தலையைத் தம் கையால் திருத்துகிறார்; ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரத்தில் கூடிய அறிஞர்கள் ஒப்புக்கொண்ட நிலை அது. அளக்கும் வேளையும் குறிக்கப்பட வேண்டும். ஏனெனில் முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை போன்ற வட்டுகள் பகலெல்லாம் உடம்பைச் சுமந்து அமுங்குவதால், காலையில் எழுந்த மனிதன் மாலையில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் குறைந்துவிடுகிறான். இவ்வளவு சிரத்தையோடு எடுத்த அளவுகள் பிள்ளையைப் பற்றிப் பல உண்மைகளைச் சொல்கின்றன. பெண் பிள்ளைகள் பன்னிரண்டு வயதை ஒட்டியும் ஆண் பிள்ளைகள் பதினான்கு வயதை ஒட்டியும் மிக வேகமாக வளர்கின்றனர். அவ்வளர்ச்சி உடம்பு முழுவதும் ஒருங்கே நிகழ்வதன்று. பாதமும் கையும் முந்துகின்றன, பிறகு கால்கள் நீள்கின்றன, நடு உடம்பு அவற்றைப் பின்தொடர்கிறது, தசையின் திரட்சியோ எல்லாவற்றுக்கும் பின்னரே வந்து சேருகிறது. ஆகவே பதினாறு பதினேழு வயது ஜூனியரையும் இருபதைக் கடந்த சீனியரையும் பக்கத்தில் நிறுத்தினால், உயரத்தில் காணும் வித்தியாசம் பெரும்பாலும் சொற்பமாகவும், எடையிலும் மார்பிலும் மேற்கையிலும் காணும் வித்தியாசம் அதிகமாகவும் இருக்கும். இதை அறிந்த ஆசிரியர், நெடுநெடுவென்று வளர்ந்தும் உதையில் வலுவில்லாத பிள்ளையைச் சோம்பேறி என்று ஏச மாட்டார். எலும்பு போன வழியே தசை இன்னும் போய்ச் சேரவில்லை என்று பொறுத்திருப்பார். அளவை இங்கே கருணைக்கு உபகாரமாகிறது. குமிதே என்னும் நேர்ப் போட்டிக்கு எடைப் பிரிவுகள் ஏற்பட்டதும் அந்தக் கருணையினாலேயே. டோக்கியோ ஒலிம்பிக் காலத்து உலகக் கராத்தே சம்மேளன விதிகளின்படி, ஜூனியர் ஆண்களுக்கு 55, 61, 68, 76 கிலோ என்றும், சீனியர் ஆண்களுக்கு 60, 67, 75, 84 கிலோ என்றும் எல்லைகள் வகுக்கப்பட்டிருந்தன. ஐம்பது கிலோ பிள்ளையின் விலாவில் எண்பது கிலோ மனிதனின் கால் விழாமல் காப்பவை அந்த எண்களே.

ஆனால், ஒப்பீட்டிலே ஒரு நுட்பமான தோஷம் இருக்கிறது. ஏட்டின் இடப்புறத்தில் உள்ள ஜூனியர்களும் வலப்புறத்தில் உள்ள சீனியர்களும் வெவ்வேறு மனிதர்கள். இடப்புறத்துப் பிள்ளை நாளைக்கு வலப்புறத்து மனிதனாக மாறப் போவதில்லை. அவன் தானாகவே வளரப் போகிறான். இரு கூட்டங்களின் சராசரிகளுக்கு இடையே ஓர் அம்புக்குறியை இழுத்து ‘இது வளர்ச்சி’ என்று எழுதும்போது, நாம் காணாத ஒன்றைக் கண்டதாகச் சொல்லுகிறோம். பிரெஞ்சு தேசத்தில் கெனோ தெ மோன்பெய்யார் என்ற பிரபு, 1759-இல் பிறந்த தம் மகனை 1777 வரையில், ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒரு முறையாக, விடாமல் அளந்து குறித்து வைத்தார். ஒரே பிள்ளையைப் பிறப்பு முதல் யௌவனம் வரையில் பின்தொடர்ந்து அளந்த பழைய குறிப்புகளில் முதன்மையானது என்று அறிஞர்கள் இன்றும் போற்றும் அக்குறிப்பை, அவருடைய நண்பரும் இயற்கை நூல் ஆசிரியருமான புபோன் தம் பெரிய நூலில் சேர்த்து வெளியிட்டார். அந்தத் தந்தை தம் மகனை எவனோடும் ஒப்பிடவில்லை. மகனை மகனோடேயே ஒப்பிட்டார். அதற்குப் பின் 1835-இல் பெல்ஜிய நாட்டு கெத்தலே ‘சராசரி மனிதன்’ என்ற கருத்தை உலகுக்குத் தந்தார். பல்லாயிரவரை அளந்து நடுவில் கண்ட அந்த மனிதன் எந்தத் தெருவிலும் நடந்ததில்லை, எந்தத் தாயும் அவனைப் பெற்றதில்லை. தந்தையின் ஏடு ஒரு வழி, கணிதரின் ஏடு ஒரு வழி. இரண்டும் உண்மையே எனினும், ‘அண்ணன் அளவு எனக்கு எப்ப வரும்’ என்று கேட்கும் பிள்ளைக்குப் பதில் சொல்லத்தக்கது எது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இனி அந்த ‘எனக்கு’ என்ற சொல்லுக்கு வருகிறேன்.

ஆத்மா எவ்வளவு பெரியது என்பதைப் பற்றி நம் முன்னோர் செய்த விசாரம் மிகவும் சுவையானது. சமணர், ஜீவன் தான் குடிகொண்ட உடம்பின் அளவாகவே இருக்கும் என்றனர். யானையில் யானையளவு, எறும்பில் எறும்பளவு. விளக்கைச் சிறு குடத்துள் வைத்தால் ஒளி குடத்தளவில் அடங்குவதும், கூடத்தில் வைத்தால் கூடம் முழுவதும் பரவுவதும் போல, ஜீவன் சுருங்கவும் விரியவும் வல்லது என்று உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் உவமை கூறுகிறது. இக்கொள்கையைச் சங்கரர் பிரம்ம சூத்திர பாஷியத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் மறுக்கிறார். மனிதனின் அளவாக இருந்த ஆத்மா வினைவசத்தால் யானைப் பிறவி எடுத்தால் அவ்வுடம்பை நிரப்பப் போதாது. எறும்புப் பிறவி எடுத்தால் அதற்குள் அடங்காது என்று கூறிய பின்னர், ஓடுகிற ஓட்டத்தில் ஒரு சிறு வார்த்தையும் சேர்த்துச் சொல்லுகிறார்: மறுபிறவி வரையில் போக வேண்டியதில்லை, ஒரே பிறவியில் பால்யத்துக்கும் யௌவனத்துக்கும் முதுமைக்கும் இடையிலேயே இந்தத் தோஷம் வந்துவிடும் என்பது அவர் கருத்து. வாதத்துக்கு நடுவே வரும் இந்த உபரி வார்த்தைதான் எனக்கு மிகவும் பிரியமானது. மணப்பட்டு மணலில் இளைஞர் செய்த ஒப்பீடு முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. பதினாறு வயதில் இவ்வளவு, பத்தொன்பதில் இவ்வளவு, எழுபதில் மறுபடியும் குறைந்து இவ்வளவு என்று அளவுகள் மாறிக்கொண்டே போக, அவற்றோடு ஆத்மாவும் கூடிக் குறையுமாயின், நேற்றைய பிள்ளை செய்த பயிற்சியின் பயனை இன்றைய வாலிபன் எப்படித் ‘தன்னுடையது’ என்று உரிமை பாராட்டுவான்?

இராமானுஜர் வேறு வழியில் போனார். ஆத்மா அணுவளவே, ஆயினும் அதனுடைய ஞானம் விளக்கின் ஒளிபோல உடம்பெங்கும் பரவி, காலில் முள் குத்தியதைக் கணத்தில் அறிகிறது என்றார். சமணர் கையில் சுருங்கி விரிந்த அதே விளக்கு, இங்கே ஒரு புள்ளியில் நின்று எங்கும் ஒளிர்கிறது. ஒரு விளக்கை இரண்டு தரிசனங்களும் ஏற்றி வைத்துக்கொண்டு எதிரெதிரே அமர்ந்து வாதித்த காலத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நம் பாகூரின் நினைவு வரும். ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், அவ்வூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்கள் தானமாகத் தரப்பட்டதை 1879-இல் கிடைத்த செப்பேடுகள் தெரிவிக்கின்றன. சங்கரரின் பாஷியம் எழுந்து நெடுங்காலம் ஆகாத அந்நாளில், இன்றைக்குப் பிள்ளைகள் சைக்கிளில் வந்து கராத்தே பழகிப் போகும் இந்தச் சிறு பிரதேசத்திலேயே, ஆத்மாவின் பரிமாணம் என்ன என்று மாணாக்கர் ஒருவரை ஒருவர் மடக்கிக்கொண்டிருந்திருப்பார்கள் என்று கற்பனை செய்வதில் எனக்கு ஒரு நிறைவு உண்டாகிறது.

என் மனம் சென்று தங்குமிடம் இவ்விரண்டும் அல்ல. மணப்பட்டுக்குத் தெற்கே கடலில் கலக்கும் தென்பெண்ணை நதியை ஒட்டி மேற்கே போனால் திருவெண்ணெய்நல்லூர் வரும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் வாழ்ந்து சிவஞானபோதம் அருளிய ஊர் அது. அந்நூலின் மூன்றாம் சூத்திரம் ஆன்மா உண்டு என்பதை நாட்டுவதற்கு எடுக்கும் ஏதுக்களில் ஒன்று, ‘என் உடம்பு’ என்று நாம் சொல்லுகிறோமே என்பது. என் வீடு என்பவன் வீட்டின் வேறாக இருப்பதுபோல, என் உடம்பு என்பவன் உடம்பின் வேறாக இருக்கத்தான் வேண்டும். சைவ சித்தாந்தத்தின்படி ஆன்மா இயல்பில் அணுவும் அன்று, உடம்பளவும் அன்று, எங்கும் வியாபகமானது. அவ்வளவு பெரியதை அணுப்போலச் சிறுக்கச் செய்யும் மலத்துக்கே ஆணவம் என்று பெயர். கர்வம் மனிதனைப் பெருக்கிக் காட்டும் என்றுதான் உலகம் நினைக்கிறது. நம் சித்தாந்திகளோ ஆணவத்துக்குப் பெயர் வைக்கும்போதே, அது சிறுக்கச் செய்வது என்று கண்டு வைத்தார்கள்.

மெய்கண்டாரைப் பற்றிய வரலாற்றை இங்கே சொல்லாமல் போக முடியவில்லை. அவர் ஞானம் பெற்று மற்றவர்க்கு உபதேசித்தது சிறு பிள்ளைப் பருவத்தில் என்றும், அவருடைய குடும்பத்துக்கே குருவாக இருந்த முதியவர் ஒருவர், சகலாகம பண்டிதர் என்ற புகழ் பெற்றவர், பிள்ளையின் பெருமையைச் சகியாமல் வந்து, ஆணவத்தின் சொரூபம் யாது என்று வினவினார் என்றும் சொல்வார்கள். பிள்ளை விடை ஒன்றும் கூறாமல் அவரைத் தலை முதல் கால் வரையில் ஒரு முறை பார்த்தது. அந்தப் பார்வையே விடை என்று உணர்ந்த முதியவர் அப்பிள்ளையின் பாதத்தில் விழுந்து சீடரானார். அவரே அருணந்தி சிவாசாரியார், பின்னர்ச் சிவஞான சித்தியாரை இயற்றியவர். ஜூனியர் சீனியர் என்ற வரிசையை இதைவிடப் பூரணமாகத் தலைகீழாக்கிய கதை ஒன்று எனக்குத் தெரியாது. தலை முதல் கால் வரையில் பார்ப்பதும் ஓர் அளத்தல்தானே; ஆயினும் அந்தப் பிள்ளையின் கண் அளந்தது உயரத்தையன்று, உயரமாக நின்றுகொண்டிருந்த ஒன்றை.

ஆன்மாவின் இயல்பைப் பற்றிச் சித்தாந்திகள் கூறும் மற்றொரு கருத்தும் உண்டு; சார்ந்ததன் வண்ணம் ஆதல் என்பர். பளிங்கின் அருகே செம்பூவை வைத்தால் பளிங்கு சிவப்பாகத் தோன்றுவதுபோல, ஆன்மா எதைச் சார்ந்து நிற்கிறதோ அதன் தன்மையாகவே நிற்கும். ஒரு பிள்ளையின் கையில் நாம் கொடுக்கும் எண்ணும் அத்தகைய பூவேயாகும். ‘நீ அண்ணனைவிட இவ்வளவு குறைவு’ என்ற எண்ணைச் சார்ந்து வளரும் பிள்ளை குறைவின் நிறத்தையே பெறுகிறான். அண்ணனின் அளவை எட்டிய பிறகும் அந்த நிறம் போவதில்லை, வேறோர் உயர்ந்தவனைத் தேடி அவனருகே நின்று மறுபடியும் குறைந்துகொள்கிறான். ‘சென்ற ஆடியில் இவ்வளவு இருந்தாய், இந்த ஆடியில் இவ்வளவு ஆனாய்’ என்ற எண்ணைச் சார்ந்தவனோ வளர்ச்சியின் நிறத்தைப் பெறுகிறான். எண்கள் இரண்டும் ஒரே நாடாவில் எடுத்தவையாக இருக்கலாம். அவற்றைச் சார்ந்து நிற்கும் உயிர்கள் இரண்டும் ஒன்றல்ல. அளவை என்ற சொல்லுக்கே தமிழில், அளத்தல் என்ற பொருளோடு அறிவதற்குரிய பிரமாணம் என்ற பொருளும் உண்டு; வடமொழியிலும் பிரமாணம் என்பது இவ்விரண்டையும் குறிக்கும். அறியும் வழி தவறினால் அளந்ததும் தவறுகிறது.

பழைய நாளில் மனித உடம்பை எண்சாண் உடம்பு என்றார்கள். அந்தச் சாண் எவனுடைய சாண்? அவனவனுடைய கைச்சாண். குழந்தையின் சாணால் தந்தையை அளப்பதும், தந்தையின் சாணால் குழந்தையை அளப்பதும் முறையன்று. சாணுக்குப் பன்னிரண்டு விரல் என்று பெருக்கினால் எண்சாண் தொண்ணூற்றாறு விரலாகிறது. சித்தாந்தமும் சித்த வைத்தியமும் தத்துவங்களைத் தொண்ணூற்றாறு என்றே எண்ணுகின்றன. இந்த ஒற்றுமையின் மேல் பெரிய கோட்டை கட்ட நான் விரும்பவில்லை. எனினும் தன் உடம்பைத் தன் விரலால் அளந்தவன் அதற்குள் பிரபஞ்சத்தையே எண்ணி வைத்தான் என்பது நினைக்க இனிதாக இருக்கிறது. சுவாமிமலையில் விக்கிரகம் செய்யும் ஸ்தபதிகளைக் கண்டவர்கள் அறிவார்கள்: விக்கிரகத்தின் உயரத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கிக்கொண்டு, அதையே மடித்து மடித்துப் பிரித்து, முகம் இவ்வளவு மார்பு இவ்வளவு என்று கணக்கிடுவார்கள். கடையில் வாங்கிய கோல் அங்கே செல்லாது. ஒவ்வொரு திருவுருவத்துக்கும் அதனதன் ஓலை. தேவர்களில் உத்தமமான உருவத்தை உத்தம தசதாளம் என்று நூற்றிருபத்து நான்கு அங்குலமாகப் பிரித்தாலும், அந்த அங்குலம் அவ்விக்கிரகத்தின் உயரத்திலிருந்தே பிறந்தது. விநாயகருக்குப் பஞ்ச தாளம். பால உருவங்களுக்கும் தாளம் குறைவு, அதாவது உடம்பை நோக்க முகம் பெரிது. பிறந்த குழந்தையின் தலை அதன் நீளத்தில் நாலில் ஒரு பங்கு என்றும், வளர்ந்தவனின் தலை ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு என்றும் இன்றைய உடலியல் கூறுவதை ஸ்தபதி தம் ஓலையிலேயே மடித்து வைத்திருக்கிறார். குழந்தை உருவம் பெரிய உருவத்தின் குறைபாடு என்று அவர் கருதவில்லை. அதற்கு வேறு தாளம், வேறு பூரணம்.

நம் சிலம்பத்திலும் இதே நெறி இருக்கிறது. கம்பு எவ்வளவு நீளம் வேண்டும் என்று கேட்டால், வாத்தியார் அதைப் பிள்ளையின் பக்கத்தில் நிறுத்தி நெற்றி மட்டத்தைக் காட்டுவார். பிள்ளை வளர்ந்தால் கம்பு மாறும்.

அடுத்தவன் கோலால் அளந்ததால் விளைந்த கொடுமையையும் இந்நாடு கண்டிருக்கிறது. அதைச் சொல்லாமல் உடம்பளவையைப் பற்றி ஒரு தமிழன் எழுதுவது தகாது. 1885 முதல் 1908 வரையில் சென்னை அரசாங்க அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், அருங்காட்சியகத்திலும் வெளியூர்ப் பயணங்களிலுமாகத் தென்னாட்டு மக்களின் மண்டையையும் மூக்கையும் இடுக்கி கொண்டு அளந்தார். 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த அவருடைய ஜாதி நூலின் பக்கங்களில் அந்த எண்கள் இன்றும் இருக்கின்றன. வடக்கே ரிஸ்லி என்ற அதிகாரி, 1891-இல் வெளியான நூலில், மூக்கின் அகலம் கூடக் கூட ஜாதியின் அந்தஸ்து குறையும் என்று ஒரு விதியையே எழுதினார். பின்னர் 1901-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கெடுப்புக்கும் அவரே தலைமை தாங்கினார். தர்ஸ்டனுடைய உழைப்பில் இன்றும் பயன்படும் செய்திகள் பல உள என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த இடுக்கியின் முன் நின்ற மனிதன் எதற்காக அளக்கப்பட்டான்? அவன் நோய் தீர்வதற்கா, அவன் பிள்ளை வளர்வதற்கா, அவனுக்குத் தக்க கம்பை வெட்டிக் கொடுப்பதற்கா? ஒன்றுமில்லை; அவனை ஒரு படியில் நிறுத்துவதற்கு. அளக்கப்பட்டவனுக்கு அந்த எண் திரும்பி வரவேயில்லை. எண்ணைப் பார்த்து மனிதனின் மதிப்பைச் சொல்லலாம் என்ற எண்ணமே அங்கு நிகழ்ந்த பாவம். நாடாவின் மேல் பழி இல்லை. மணப்பட்டுக் களத்துக்கு வந்த இளைஞரின் நோக்கம் தூயது, அவர் தொட்டு அளந்த விதத்தில் மரியாதை இருந்தது என்பதை நான் நேரில் கண்டேன். அதனாலேயே, அவருடைய ஏட்டில் உள்ள எண்கள் அந்தந்தப் பிள்ளைக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று விரும்புகிறேன்.

எண்ணைச் சார்ந்த உயிர் எண்ணின் வண்ணமாவதற்குப் பிள்ளைகளின் உலகத்திலேயே துயரமான சான்று ஒன்று உண்டு. எடை பார்க்கும் நாளுக்கு முன்னே, கீழ்ப் பிரிவில் இறங்கி ஆடினால் வெற்றி எளிது என்று எண்ணி, சோற்றையும் தண்ணீரையும் விட்டு, கனத்த துணி அணிந்து ஓடி வியர்த்து, ஓரிரு கிலோவைக் குறைக்கும் வழக்கம் எடைப்பிரிவு உள்ள எல்லா விளையாட்டுகளிலும் பரவியிருக்கிறது. காப்பதற்கென்று ஏற்பட்ட எண்ணே இங்கு வருத்துவதாகிவிடுகிறது. ஒரே வீட்டில் கிருத்திகைக்குத் தாய் உபவாசம் இருக்கிறாள். தராசுக்கு மகன் உபவாசம் இருக்கிறான். வயிற்றின் பசி இருவருக்கும் ஒன்றே. தாயின் பசி அவளைத் தன்னிலிருந்து விடுவித்து முருகனிடம் சேர்க்கிறது. மகனின் பசி அவனைத் தன் உடம்பின் ஒரே ஒரு எண்ணுக்குள் பூட்டுகிறது. வளரும் வயதில் அந்தப் பூட்டு எவ்வளவு தீங்கு என்பதை வைத்தியர்கள் சொல்லட்டும். ஆன்மாவுக்கு அது எவ்வளவு சிறை என்பதைச் சொல்வது என் கடமை.

உடம்பைத் துச்சமாக எண்ணும்படி நான் சொல்லவில்லை. உடம்பை முன்பு இழுக்கென்று இருந்து, பின்பு அதனுள்ளே உத்தமன் குடியிருக்கக் கண்டதாகத் திருமூலர் பேசுகிறார். 1897-இல் சென்னையில் பேசிய விவேகானந்தர், கீதையைப் படிப்பதற்கு முன் கால்பந்து ஆடித் தசையை வலுவாக்கிக்கொள்ளுங்கள் என்ற பொருள்பட இளைஞர்களுக்குக் கூறினார். 1910 ஏப்ரலில் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்து பின்னர் அங்கேயே வாழ்ந்த அரவிந்தர், தம் வாழ்வின் இறுதி ஆண்டுகளில், 1949-இல் ஆசிரமம் தொடங்கிய தேகப் பயிற்சிப் பத்திரிகைக்கென்றே உடலின் பூரணத்துவம் பற்றி எழுதினார். இவர்கள் யாவரும் உடம்பை ஆலயமாகக் கண்டவர்கள். ஆலயத்துக்கு அளவு வேண்டும். கர்ப்பக்கிருகத்தில் இருப்பவனுக்கு யார் அளவு கூறுவது?

கராத்தேயில் கட்டா என்று ஒரு பகுதி இருப்பது என்னை மிகவும் கவர்ந்தது. எதிரி இன்றி, தனியே, வகுத்த அசைவுகளை வகுத்த வரிசையில் செய்து காட்டுவது அது. அதற்கு எடைப் பிரிவே கிடையாது. குமிதேயில் பதினெட்டு வயது நிரம்பியவனே சீனியர் ஆகலாம் என்றிருக்க, கட்டாவில் பதினாறு வயதிலேயே சீனியர் களத்தில் நிற்கலாம் என்று விதி வகுத்தார்கள். ஆகவே நம் இளைய சகோதரன் ஒரே உடம்பில், ஒரே நாளில், ஜூனியரும் ஆவான், சீனியரும் ஆவான்; இளைஞரின் ஏடு அவனை எந்தப் பக்கத்தில் எழுதியதோ, எனக்குத் தெரியாது. 2021 ஆகஸ்டு மாதம் டோக்கியோவில் பெண்களுக்கான கட்டாவில் தங்கம் பெற்ற ஸ்பெயின் நாட்டு சாண்ட்ரா சாஞ்செஸுக்கு அப்போது வயது முப்பத்தொன்பது. சிறு புள்ளி வித்தியாசத்தில் வெள்ளி பெற்ற ஜப்பானியப் பெண் அவளினும் பன்னிரண்டு வயது இளையவள். 1868-இல் ஒக்கினாவாத் தீவில் குறைமாதப் பிள்ளையாகப் பிறந்து, நோயாளியாக வளர்ந்து, பின்னர் இக்கலையை ஜப்பானின் பெருநகரங்களுக்குக் கொண்டு சென்ற புனாகோஷி கிச்சின், சீனக் கை என்று எழுதப்பட்டு வந்த பெயரை வெறுங்கை என்று மாற்றி எழுதியபோது, ஆயுதமில்லாத கை என்ற பொருளோடு அவர் நிற்கவில்லை. உருவத்துக்கும் சூன்யத்துக்கும் பேதமில்லை என்னும் பௌத்த உபதேசத்தையும் அதனோடு சேர்த்து நினைத்தார். சூன்யத்தை நான் ஒப்புக்கொள்பவனல்லன். நிறைவென்று நம் பெரியோர் கண்டதையே நான் பற்றியிருக்கிறேன். ஆயினும் எண்ணால் நிரப்ப முடியாத ஓர் இடம் அந்தக் கையில் இருக்கிறது என்று அம்முதியவர் அறிந்திருந்தார் என்பதில் எனக்கு அவரோடு பிணக்கில்லை.

அன்று காலை அளவெடுப்பு முடிந்து, இளைஞர் நாடாவைச் சுருட்டிப் பையில் வைத்த பின்னர், பிள்ளைகள் கலைந்து போகவில்லை. அந்த மாஸ்டர் சிலம்பமும் கற்பிப்பவர். கொட்டகையின் கூரையில் செருகியிருந்த கம்புகளை ஒவ்வொருவனாக எடுத்தான். இளையவனுடைய கம்பு அவன் தோளுக்குச் சற்று மேலேதான் எட்டியது. ஒரு வருஷத்தில் அவன் அதைத் தாண்டி வளர்ந்துவிட்டிருந்தான். மூத்தவன் அதைக் கவனித்துவிட்டுக் கூரையின் உட்புறம் கையை விட்டுத் துழாவி, புகையேறிக் கறுத்த ஒரு மூங்கில் கம்பை உருவினான். “இது நான் பத்தாவது படிக்கும்போது சுத்துனதுடா” என்று சொல்லி, அதன் அடியை மணலில் ஊன்றித் தம்பியின் பக்கத்தில் நிறுத்தினான். அது அவன் நெற்றிக்குச் சரியாக இருந்தது. தம்பி அதன் நடுவைப் பிடித்து இரண்டு முறை சுழற்றிப் பார்த்துவிட்டு, கடற்பக்கத்து மணலுக்குப் போனான்.